கேப்பிட்டல்: எந்த முதல், எந்த எழுத்து?

சிறுதொழில் கடனுக்கு வங்கியில் விண்ணப்பம் வாங்கினால், முதல் பக்கத்தின் உச்சியிலேயே 'கேப்பிட்டல் லெட்டரில் நிரப்பவும்' என்று இருக்கும். கொஞ்சம் கீழே வந்தால் 'உரிமையாளர் போடும் கேப்பிட்டல் எவ்வளவு' என்று ஒரு கட்டம். அடுத்து 'வொர்க்கிங் கேப்பிட்டல் தேவை'. இணைக்க வேண்டிய தாள்களில் 'கேப்பிட்டல் அக்கவுன்ட்' ஒன்று. விண்ணப்பிப்பது கம்பெனி என்றால் ஆதரைஸ்டு கேப்பிட்டல், பெய்டு-அப் கேப்பிட்டல் என்று இன்னும் இரண்டு. முதலில் வந்தது எழுத்தின் உருவம். மற்றதெல்லாம் பணம், ஆனால் ஒரே பணமல்ல.

எழுத்துக்கும் பணத்துக்கும் தமிழில் தனித்தனிச் சொல் இருப்பதால் அந்த இரண்டையும் நாம் போட்டுக் குழப்பிக்கொள்வதில்லை. குழப்பம் வருவது பணத்தின் பக்கத்தில்தான். பணம் பற்றிய அத்தனை கேப்பிட்டலையும் 'மூலதனம்' என்ற ஒரே கூடையில் கொட்டிவிட்டோம். எந்த மூலதனம் என்று கேட்காமல் கையெழுத்துப் போடுகிறவர்களுக்குத்தான் அடி விழுகிறது.

தலையா, வேரா?

ஆங்கிலச் சொல்லின் அடி, லத்தீனில் தலையைக் குறிக்கும் 'கபுட்'. தலைநகரம் அதனால்தான் கேப்பிட்டல். தலையை வாங்கும் தண்டனையும் கேப்பிட்டல். தூணின் தலையில் உட்காரும் பகுதியும் (நம் கோயில் தூணில் போதிகை) கேப்பிட்டல். வாக்கியத்தின் தலையில் நிற்கும் எழுத்தும் அப்படியே. வட்டிக்கு விட்ட பணத்தில் வட்டியைத் தவிர்த்த தலையாய தொகைக்கு அந்தப் பெயர் வந்து, அங்கிருந்து வணிகத்துக்குப் பரவியது. ஆங்கிலத்தில் கால்நடையைக் குறிக்கும் 'கேட்டில்' என்ற சொல்லும் இதே கிளைதான்; முதலில் அசையும் சொத்து என்று பொருள், பிறகு ஆடுமாடு என்று சுருங்கியது. 'மாடல்ல மற்றை யவை' என்று குறள் சொல்லும்போது மாடு என்றால் செல்வம் என்பதை இங்கே நினைத்துக்கொள்ளலாம். சொற்களுக்குள் உறவில்லை, வாழ்க்கை ஒன்றாக இருந்திருக்கிறது.

நாம் தலையைப் பிடிக்கவில்லை, வேரைப் பிடித்தோம். மூலதனத்தில் உள்ள 'மூலம்' வடமொழியில் வேர். கடன் பத்திரத்தில் எழுதும் 'அசல்' அரபியிலிருந்து வந்தது. அங்கும் அதற்கு வேர் என்றுதான் பொருள். தமிழின் சொந்தச் சொல் 'முதல்': தொடக்கம், அடி, காரணம். 'முதலிலார்க்கு ஊதியம் இல்லை' என்ற 449ஆம் குறளில் முதல் என்பது கேப்பிட்டல், ஊதியம் என்பது லாபம். இன்றைய கணக்குப் புத்தகத்தில் அப்படியே ஒட்டலாம். 463ஆம் குறள் இன்னும் ஒரு படி மேல்: வரப்போகும் ஆக்கத்தை எண்ணிக் கையிலுள்ள முதலை இழக்கும் வேலையில் அறிவுடையவர் இறங்க மாட்டார் என்கிறது. முதலை ஆள்பவர் முதலாளி. முதலை இடுவது முதலீடு. பத்திரிகைகள் மூலதனத்தையும் முதலீட்டையும் மாற்றி மாற்றிப் போடுகின்றன. மூலதனம் போட்டு வைத்திருக்கும் தொகை. முதலீடு போடுகிற செயல். குளத்தில் இருக்கும் நீரும் மடை வழியே வரும் நீரும் போல.

கடைக்காரரின் முதல்

தனியாள் தொழிலில் கேப்பிட்டல் என்றால் உரிமையாளர் தொழிலுக்குள் போட்டது மட்டும். ஒரு மரச்செக்கு எண்ணெய்க் கடையை எடுத்துக்கொள்வோம். உரிமையாளர் ரொக்கமாக 2,50,000 போடுகிறார். தன்னிடமிருந்த பழைய சரக்கு வண்டியையும் தொழிலுக்குக் கொடுக்கிறார், மதிப்பு 1,50,000. ஆக அவர் முதல் 4,00,000. வங்கியில் வாங்கிய கடன் 3,00,000. கடன் தொழிலுக்குள் வந்த பணம்தான், ஆனாலும் அது உரிமையாளரின் முதல் அல்ல.

இந்த 7,00,000 எங்கே போயிற்று என்று பார்த்தால்: செக்கும் மோட்டாரும் 3,60,000, வண்டி 1,50,000, கடை அட்வான்ஸ் 60,000, கடலை இருப்பு 1,00,000, கையில் ரொக்கம் 30,000. கூட்டினால் சரியாக 7,00,000.

ஆடிட்டர் இந்தக் கணக்கைத் தரும்போது, அவர் போட்ட 4,00,000 பொறுப்புகள் பக்கத்தில், கடனுக்கு மேலே உட்கார்ந்திருக்கும். 'என் காசு எப்படி சார் கடனாகும்?' என்று கேட்காத கடைக்காரர் குறைவு. கணக்கியலில் கடை வேறு ஆள், கடைக்காரர் வேறு ஆள். கடையின் பார்வையில் எழுதப்பட்ட தாள் அது. வங்கிக்குத் தர வேண்டியது 3,00,000, உரிமையாளருக்குத் தர வேண்டியது 4,00,000 என்று கடை சொல்கிறது. இந்தப் பிரிப்பு மனதில் ஏறிவிட்டால் பேலன்ஸ் ஷீட்டில் பாதி புரிந்த மாதிரி.

முதல் கரைவதும் இங்கேதான் தெரியும். ஆண்டு முடிவில் லாபம் 2,40,000 என்று வையுங்கள். வீட்டுச் செலவுக்கு மாதம் 25,000 எடுத்தார், ஆண்டுக்கு 3,00,000. தொடக்க முதல் 4,00,000, அதோடு லாபம் 2,40,000, அதில் எடுத்தது 3,00,000 போனால் மிச்சம் 3,40,000. கடை லாபத்தில் ஓடியிருக்கிறது. ஆனால் அவர் போட்ட முதலிலிருந்து 60,000 காணவில்லை. 'முதலுக்கே மோசம்' என்று பேச்சில் சொல்வது இதைத்தான். எடுத்த பணத்தைச் 'சொந்த எடுப்பு' என்று எழுதாமல், பிள்ளையின் பள்ளிக் கட்டணத்தையும் ஆயுள் காப்பீட்டுப் பிரீமியத்தையும் கடைச் செலவில் சேர்த்துவிட்டால் இந்த ஓட்டை கண்ணுக்கே தெரியாது. உரிமையாளர் தனக்கு எழுதிக்கொள்ளும் சம்பளமும், அவர் கட்டும் வருமான வரியும்கூட எடுப்புதான், செலவு அல்ல.

ஓடும் முதல்

அந்தக் கடைக்கு உண்மையான ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. 7,00,000இல் செக்கு, வண்டி, அட்வான்ஸ் மூன்றும் 5,70,000ஐ விழுங்கிவிட்டன. தினசரி ஓட்டத்துக்கு மிஞ்சியது 1,30,000. இது போதுமா என்பதை நாள் கணக்கில்தான் பார்க்க வேண்டும்.

கடலை வாங்கிக் காயவைத்து இருப்பு வைப்பது 30 நாள். ஆட்டிய எண்ணெய் தெளிந்து விற்பனைக்குப் போக 10 நாள். மளிகைக் கடைகளுக்குக் கொடுக்கும் தவணை 25 நாள். மொத்தம் 65 நாள். கடலை மண்டிக்காரர் நமக்குத் தரும் தவணை 10 நாளைக் கழித்தால் 55. அதாவது இன்று போட்ட ரூபாய் திரும்பிவர 55 நாள் ஆகும். கடலை, கூலி, மின்சாரம், வாடகை எல்லாம் சேர்த்து ஒரு நாள் செலவு 8,000 என்றால் 55 நாளுக்கு 4,40,000 வேண்டும். இருப்பதோ 1,30,000. மண்டிக்காரரின் தவணையையும் சேர்த்துக்கொண்டாலும் நாலு வாரத்துக்குள் கை வறண்டுவிடும். ஆர்டர் இருக்கும், செக்கு புதிதாக இருக்கும், கடலை வாங்கக் காசு இருக்காது. தொடங்கிய சில மாதங்களில் மூடும் கடைகளில் பல இப்படித்தான் மூடுகின்றன; வியாபாரம் இல்லாமல் அல்ல.

தினசரி ஓட்டத்துக்கான இந்தப் பணம்தான் நடைமுறை மூலதனம், விண்ணப்பத்தில் பார்த்த வொர்க்கிங் கேப்பிட்டல். வங்கிகள் சிறுதொழிலுக்கு இதைக் கணக்கிட எளிய வழி ஒன்று வைத்திருக்கின்றன; ரிசர்வ் வங்கி அமைத்த நாயக் குழு சொன்ன முறை. எதிர்பார்க்கும் ஆண்டு விற்பனையில் 25 சதவீதம் நடைமுறை மூலதனத் தேவை. விற்பனையில் 20 சதவீதத்தை வங்கி தரும், 5 சதவீதத்தைத் தொழில் செய்பவர் தன் கையிலிருந்து போட வேண்டும். நம் கடையின் விற்பனை 32 லட்சம் என்றால் தேவை 8 லட்சம். வங்கி 6,40,000, சொந்தப் பங்கு 1,60,000. நாள் கணக்கில் வந்த 4,40,000ஐ விட இது அதிகம். ஒரு மூன்று மாதச் சுழற்சியை மனதில் வைத்துப் போட்ட பொது அளவு என்பதால் அப்படி. இரண்டு கணக்கையும் போட்டு, நாள் கணக்கைக் கையில் எழுதிக்கொண்டு வங்கிக்குப் போவது நல்லது. மேலாளர் கேட்கும் கேள்விகள் அதைப் பற்றித்தான் இருக்கும்.

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. நடைமுறை மூலதனத்துக்கென்று கிடைத்த கேஷ் கிரெடிட் லிமிட்டில் (இந்த அளவு வரை எடுக்கலாம், கட்டலாம் என்று வங்கி வைக்கும் வரம்பு) இரண்டாவது செக்கு வாங்குவது. கேஷ் கிரெடிட் உள்ளே போய் வெளியே வந்து சுழல வேண்டிய பணம். இயந்திரத்தில் போட்ட பணம் வருடக்கணக்கில் துளித்துளியாகத்தான் திரும்பும். கணக்கு லிமிட்டின் உச்சியிலேயே நின்றுவிடும். அடுத்த முறை புதுப்பிக்கப் போகும்போது வங்கி முதலில் பார்ப்பது அதைத்தான்.

செலவா, முதலா?

மோட்டார் எரிந்து அதன் கம்பிச் சுருளை மாற்றிக் கட்டினால் அது அந்த ஆண்டின் செலவு. புது மோட்டார் வாங்கினால் மூலதனச் செலவு. அந்த ஆண்டு லாபத்திலிருந்து மொத்தமாகக் கழிக்க முடியாது, தேய்மானமாகப் பிரித்துத்தான் கழிக்க வேண்டும். வருமான வரிக் கணக்கில் பொதுவான இயந்திரங்களுக்குத் தேய்மானம் 15 சதவீதம், கணினிக்கு 40, மேசை நாற்காலிக்கு 10. செக்குக்கும் மோட்டாருக்கும் போட்ட 3,60,000க்கு முதல் ஆண்டு 54,000. அடுத்த ஆண்டு மிச்சமுள்ள 3,06,000க்கு 45,900. வாங்கிப் பயன்படுத்தத் தொடங்கி நிதியாண்டில் 180 நாளுக்குக் குறைவாகவே ஓடியிருந்தால் முதல் ஆண்டில் பாதிதான், 27,000. மார்ச் கடைசியில் அவசரமாக இயந்திரம் வாங்கி வரியைக் குறைத்துவிடலாம் என்று நினைப்பவர்களுக்குப் பாதி ஏமாற்றம் இங்கே காத்திருக்கிறது.

செக்கை ஏற்றி வந்த லாரி வாடகை, மேடை கட்டிய கூலி, பொருத்தியவர் வாங்கிய தொகை எல்லாம் இயந்திரத்தின் விலையோடு சேரும். பழைய இயந்திரம் வாங்கி, ஓட்டுவதற்கு முன்பே பழுது பார்த்தால் அந்தப் பழுதுச் செலவும் முதல்தான். அதே பழுதை ஒரு வருடம் ஓட்டிய பிறகு பார்த்தால் செலவு. இயந்திரத்துக்குக் கட்டிய ஜி.எஸ்.டி.யை உள்ளீட்டு வரியாகத் திரும்ப எடுத்தால் அதை இயந்திர விலையில் சேர்த்துத் தேய்மானமும் கேட்க முடியாது, இரண்டில் ஒன்றுதான்.

கடன் தவணையிலும் இந்தப் பிரிவு உண்டு. 3,00,000க்கு 10 சதவீத வட்டி என்றால் முதல் மாத வட்டி 2,500. தவணை 10,000 கட்டினால் செலவு 2,500 மட்டுமே. 7,500 அசலை அடைத்தது, அது செலவல்ல. வங்கிக் கணக்கில் கடன் வந்து விழுந்தபோது அது வருமானமாகாதது போலவே, திரும்பிப் போகும்போதும் செலவாகாது.

வரிச் சட்டத்தின் 'மூலதனச் சொத்து' இன்னொரு பிறவி. அதற்குத் தொழிலே வேண்டாம். வீட்டிலிருக்கும் நகை மூலதனச் சொத்து. அதே வீட்டின் பீரோவும் கட்டிலும் இல்லை. ஊர்ப்புற விளைநிலம் இல்லை. ஆனால் 10 லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை உள்ள நகரின் எல்லையிலிருந்து 8 கிலோமீட்டருக்குள் இருந்தால் அதே நிலம் மூலதனச் சொத்தாகி, விற்றால் மூலதன ஆதாய வரிக்குள் வரும்.

கம்பெனியின் நாலு மூலதனம்

'பத்து லட்சம் மூலதனமுள்ள நிறுவனம்' என்று துண்டுப் பிரசுரத்தில் பார்த்தால் உடனே கேட்க வேண்டியது, எந்தப் பத்து லட்சம்?

10 ரூபாய் முகமதிப்பில் 1,00,000 பங்குகள் வரை வெளியிடலாம் என்று கம்பெனியின் அமைப்பு விதியில் எழுதியிருக்கிறது. 10 லட்சம் என்பது இந்த அனுமதி. இதுதான் அங்கீகரிக்கப்பட்ட மூலதனம் (ஆதரைஸ்டு கேப்பிட்டல்). அதில் 40,000 பங்குகளை வெளியிட்டார்கள்: வெளியிட்ட மூலதனம் 4 லட்சம். மக்கள் எடுத்தது 30,000: ஏற்கப்பட்ட மூலதனம் 3 லட்சம். பங்குக்கு இதுவரை 5 ரூபாய்தான் கேட்டு வாங்கினார்கள்: செலுத்தப்பட்ட மூலதனம் (பெய்டு-அப் கேப்பிட்டல்) 1,50,000. பத்து லட்சத்துக்கும் ஒன்றரை லட்சத்துக்கும் இடையே பொய் எதுவும் சொல்லப்படவில்லை. பாத்திரத்தின் கொள்ளளவைச் சொல்லிவிட்டு, உள்ளே எவ்வளவு பால் என்று சொல்லாமல் விட்டார்கள், அவ்வளவுதான்.

செலுத்தப்பட்ட மூலதனமும் முழு உண்மை அல்ல. அது ஒரு காலத்தில் உள்ளே வந்த தொகை. நட்டத்தில் அத்தனையும் போயிருந்தாலும் அந்த எண் அசையாமல் அப்படியே நிற்கும். எதிர்ப்பக்கமாக, 10 ரூபாய்ப் பங்கை 110க்கு விற்றிருந்தால் மூலதனத்தில் ஏறுவது 10 மட்டும். மீதி 100 ரூபாய் பங்கு முனைமம் (பிரீமியம்) என்று தனியே போகும். ஆகவே சின்ன மூலதனம் காட்டும் கம்பெனி பணக்காரக் கம்பெனியாகவும் இருக்கலாம். நிகர மதிப்பை (சொத்தில் கடன் போக மிஞ்சுவதை) பார்க்காமல் இந்த எண்ணை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

தனியார் கம்பெனி தொடங்க ஒரு லட்சமாவது செலுத்தப்பட்ட மூலதனம் வேண்டும் என்ற விதி 2015 திருத்தத்தில் நீங்கியது. இப்போது பத்தாயிரத்திலும் தொடங்கலாம். ஆனால் கம்பெனி பதிவான 180 நாளுக்குள், ஒப்புக்கொண்ட பங்குப் பணம் வந்துவிட்டது என்று ஐ.என்.சி. 20ஏ படிவத்தில் அறிவிக்க வேண்டும். அதற்கு முன் தொழில் தொடங்கவோ கடன் வாங்கவோ கூடாது. பதிவுச் சான்றிதழ் கிடைத்த மகிழ்ச்சியில் இதை மறப்பவர்கள் நிறைய. ஒரு கம்பெனியின் அங்கீகரிக்கப்பட்ட மூலதனம், செலுத்தப்பட்ட மூலதனம் இரண்டையும் கம்பெனி விவகார அமைச்சகத் தளத்தில் யாரும் பார்க்கலாம்.

வங்கியின் மூலதனம் என்றால் நாம் போடும் டெபாசிட் என்று நினைப்பது இன்னொரு தவறு. டெபாசிட் வங்கிக்குக் கடன். கடன் வாங்கியவர்கள் திருப்பாதபோது முதல் அடியைத் தாங்குவதற்காக வங்கியின் பங்குதாரர்கள் போட்டதும், சேர்த்து வைத்த லாபமும்தான் அதன் மூலதனத்தின் அடிப்படை. இடருக்கு ஏற்ப எடை போட்ட ஒவ்வொரு 100 ரூபாய்க் கடனுக்கும் குறைந்தது 9 ரூபாய் என்பது ரிசர்வ் வங்கி வைத்திருக்கும் அடிப்படை அளவு.

பெரிய எழுத்து

எழுத்துக்கு வருவோம். தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்ற இரட்டை வடிவமே கிடையாது. ரோமானியர் கல்லில் வெட்டிய எழுத்தெல்லாம் பெரிய எழுத்துதான்; சின்ன எழுத்து பிற்பாடு கையெழுத்து வேகத்தில் உருவாகி, சுமார் 800ஆம் ஆண்டை ஒட்டி சார்லமேன் ஆட்சியில் ஒழுங்குபட்டது. அச்சுக்கோப்பவர்கள் பெரிய எழுத்துகளை மேல் பெட்டியிலும் சின்ன எழுத்துகளைக் கீழ்ப் பெட்டியிலும் வைத்ததால் 'அப்பர் கேஸ்', 'லோயர் கேஸ்' என்ற பெயர்கள் வந்தன. கேப்பிட்டல் லெட்டரைச் சிலர் 'முதலெழுத்து' என்று எழுதுகிறார்கள். அது தவறு. நம் இலக்கணத்தில் முதலெழுத்து என்பது உயிர் 12, மெய் 18, ஆக 30 எழுத்துகள். பேச்சில் எல்லோரும் சொல்லும் 'பெரிய எழுத்து' போதும்.

நமக்கு இரட்டை வடிவம் இல்லாததால்தான் படிவத்தில் அதிகம் இடறுகிறோம். தரவிறக்கிய இ-ஆதார் கோப்பின் கடவுச்சொல், பெயரின் முதல் நான்கு எழுத்துகள் பெரிய எழுத்தில், அதோடு பிறந்த ஆண்டு. ஆதாரில் பெயர் புள்ளியோடு இருந்தால் புள்ளியும் ஓர் எழுத்தாகக் கணக்கில் வரும். 1990இல் பிறந்த பி. குமார் என்றால்: பி, புள்ளி, கே, யு, பிறகு 1990. வருமான வரித் துறையின் ஆண்டுத் தகவல் அறிக்கை நேர் எதிர்: பான் எண் சின்ன எழுத்தில், அதோடு பிறந்த தேதி எட்டு இலக்கத்தில். பான் அட்டையில் அச்சாகியிருப்பதோ பெரிய எழுத்து. பார்த்து அப்படியே அடித்தால் கோப்பு திறக்காது. வங்கிக் கிளையின் ஐ.எஃப்.எஸ்.சி. குறியீட்டில் உள்ள 11 இடங்களில் ஐந்தாவது எப்போதும் பூஜ்யம். அதைப் பெரிய 'ஓ' என்று நினைத்து அடிப்பவர்கள் அன்றாடம் இருக்கிறார்கள்.

ஒலிபெயர்ப்பு விசைப்பலகையில் தமிழ் அடிப்பவர்களுக்கு கேப்பிட்டல் உயிர் போகிற விஷயம். சின்ன 'எல்' அடித்தால் ல, பெரிய 'எல்' அடித்தால் ள. பல்லிக்கும் பள்ளிக்கும் இடையே ஷிஃப்ட் விசை மட்டுமே நிற்கிறது. பெரிய 'என்' அடித்தால்தான் ண. மறந்தால் பணம் 'பனம்' ஆகிவிடும். கேப்பிட்டல் இல்லாமல் பணம் வராது என்பது இங்கேயும் உண்மை. தமிழ்99 விசைப்பலகையில் ல, ள, ண எல்லாவற்றுக்கும் தனித்தனி விசை என்பதால் இந்தத் தொல்லை இல்லை.

அளவு எழுதும்போது எழுத்தின் அளவே பொருளை மாற்றும். இணைய இணைப்பு விளம்பரத்தில் வரும் 100 எம்பிபிஎஸ்ஸில் (Mbps) 'பி' (b) சின்னது, அது பிட். கோப்பின் அளவில் (MB) வரும் 'பி' பெரியது. அது பைட், எட்டு பிட். ஆகவே 100 என்ற இணைப்பில் தரவிறக்கம் நொடிக்கு 12.5 எம்பிக்கு மேல் போகாது. ஏமாற்றிவிட்டார்கள் என்று புகார் செய்யும் முன் அந்தச் சின்ன 'பி'யைப் பார்க்க வேண்டும்.

கம்பெனிப் பெயர்ப் பதிவில் மட்டும் எழுத்தின் அளவுக்கு மதிப்பில்லை. ஏற்கெனவே உள்ள பெயரையே பெரிய எழுத்தில் எழுதினாலும், இடைவெளி விட்டாலும், புள்ளி வைத்தாலும் அதே பெயர்தான் என்று பதிவாளர் தள்ளிவிடுவார்.

எழுத்தும் மூலதனமும் ஒரே வரியில் சந்திக்கும் இடம் ஒன்று இருக்கிறது: 2013 கம்பெனிகள் சட்டத்தின் 60ஆம் பிரிவு. லெட்டர்ஹெட்டிலோ விளம்பரத்திலோ பில்லிலோ அங்கீகரிக்கப்பட்ட மூலதனத்தைப் போட்டால், ஏற்கப்பட்ட மூலதனத்தையும் செலுத்தப்பட்ட மூலதனத்தையும் அதே அளவு எடுப்பான இடத்தில், அதே அளவு பளிச்சென்ற எழுத்தில் போட வேண்டும். பத்து லட்சத்தைக் கொட்டை எழுத்தில் அடித்து, ஒன்றரை லட்சத்தை அடியில் பொடி எழுத்தில் ஒளித்தால், ஒவ்வொரு முறைக்கும் கம்பெனிக்கு 10,000 ரூபாயும் தவறு செய்த ஒவ்வோர் அதிகாரிக்கும் 5,000 ரூபாயும் அபராதம்.